மாத்திரையைத் தூக்கி எறிந்தது யார் குற்றம்?

"பைத்தியம்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டாப் போதும், கொலையே பண்ணலாம். கோர்ட்டுல விட்டுருவாங்க!"

தளவாய்புரத்தில் ஒரு டீக்கடை. சொன்னவர் கையில் மாலைப் பத்திரிகை. எங்கோ ஒரு ஊரில் மகன் தகப்பனை வெட்டிய சேதி. கடைசி வரி வழக்கமான வரிதான்: "கைதானவர் மனநிலை பாதிக்கப்பட்டவர் என்று கூறப்படுகிறது."

பக்கத்தில் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தவர் விடவில்லை. "ஆஸ்பத்திரியில மாத்திரை கொடுத்திருக்காங்கல்ல? இவன்தான திங்க மாட்டேன்னான்? குடிச்சிட்டு வெட்டுனவனை விடுறாங்களா அண்ணாச்சி? இவனை மட்டும் எதுக்கு விடணும்?"

முதலாமவர் சொன்னது தப்பு. இரண்டாமவர் கேட்டது நல்ல கேள்வி. பெரிய பெரிய வக்கீல்களும் டாக்டர்களும் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி. டீ ஆறுவதற்குள் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

சர்டிபிகேட் போதாது

1860-ல் வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் இது 22-வது பிரிவு. நம்பர்தான் மாறியது. சரக்கு பழைய சரக்குதான்.

என்ன சொல்கிறது? சித்த சுவாதீனம் இல்லாததால், தான் என்ன செய்கிறோம் என்றோ, செய்வது தப்பு அல்லது சட்டவிரோதம் என்றோ அறிய முடியாத ஒருவன், அந்த நேரத்தில் செய்த காரியம் குற்றமாகாது.

'அந்த நேரத்தில்' என்பதற்கு அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். போன வருஷம் நோயாளி, போன மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தான் என்பதெல்லாம் மட்டும் போதாது. அரிவாளை ஓங்கிய அந்த நேரத்தில் அவன் புத்தி எங்கே இருந்தது? அதைக் காட்ட வேண்டிய பாரம் குற்றம் சாட்டப்பட்டவன் தலையில்தான் ஏறுகிறது. அவன் தரும் சாட்சியத்தால் நீதிபதி மனதில் நியாயமான சந்தேகம் பிறந்தாலே அதன் பலன் அவனுக்குப் போக வேண்டும் என்று 1964-ல் ஒரு குஜராத் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அந்தச் சந்தேகத்தைப் பிறக்க வைப்பதே பெரும்பாடு.

நம்ம விருதுநகர் மாவட்டத்துக்குத் தலைமை செசன்சு கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அங்கே ஆத்தாளோ தம்பியோ கூண்டில் ஏறி, "ஐயா, இவனுக்கு ஆறு வருஷமா வைத்தியம் பார்க்கிறோம்" என்று அழுதால் காரியம் ஆகாது. டாக்டர் சீட்டு எங்கே, எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி என்று கேட்பார்கள். நம்ம வீடுகளில் அந்தச் சீட்டெல்லாம் என்ன ஆகும்? தங்கச்சிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளில் அடுப்புக்குப் போகும்!

ஜார்க்கண்டில் ஒருவர், மருந்துக்கடை நடத்தியவர், இன்னொருவரைச் சுட்டுக் கொன்றார். மனநோய்க்கு வைத்தியம் பார்த்த சீட்டுகளைக் கோர்ட்டில் நீட்டினார்கள். 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்கவில்லை. ஏன்? சுட்ட பிறகு துப்பாக்கியைக் கிணற்றில் போட்டிருக்கிறார். தடயத்தை மறைக்கத் தெரிந்தவனுக்குத் தப்பு எது என்றும் தெரியும் என்றது கோர்ட்டு. சீட்டு இருந்தும் ஆயுள் தண்டனைதான்.

மராட்டியத்தில் ஒரு போலீஸ்காரர். 1994-ல் போலீஸ் குடியிருப்பில், துணி துவைத்துக்கொண்டிருந்த மனைவியை அரைக்கிற கல்லால் தலையில் அடித்துக் கொன்றார். வேலையை ராஜினாமா செய்கிறேன் என்றிருக்கிறார்; அவள் வேண்டாம் என்றிருக்கிறாள். காரணம் அவ்வளவுதான். ஓடவில்லை, ஒளியவில்லை. அவருடைய தகப்பனாருக்கும் இதே வியாதி இருந்தது. அவருக்கும் 1992 முதலே வைத்தியம் நடந்திருக்கிறது. சம்பவம் நடந்த வருஷமே இருபது தடவைக்கு மேல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ரிக்கார்டு இருந்தது. அப்படியும் கீழ்க்கோர்ட்டில் ஆயுள் தண்டனை, ஐகோர்ட்டிலும் அதுவே. 2002-ல்தான் சுப்ரீம் கோர்ட்டு விடுதலை செய்தது. எட்டு வருஷம்!

இதைத்தான் டீக்கடைக்காரர் 'விட்டுருவாங்க' என்கிறார்.

விடுதலை என்றாலும் நேரே பஸ் ஏறி வீட்டுக்கு வர முடியாது. 'இந்தக் காரியத்தைச் செய்தது இவன்தான்' என்று தீர்ப்பிலேயே எழுத வேண்டும். அப்புறம் மனநல ஆஸ்பத்திரியில் பாதுகாப்பில் வைப்பார்கள். அல்லது உறவுக்காரர் ஜாமீன் எழுதிக்கொடுத்துப் பொறுப்பேற்க வேண்டும். சென்னை கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்டவர்களுக்குத் தனி வார்டே இருக்கிறது. எத்தனை நாள் என்பது தண்டனைக் கைதிக்காவது தெரியும். இவர்களுக்குத் தெரியாது.

அசாமில் மசாங் லாலுங் என்று ஓர் ஏழை. 1951-ல் ஒருவரைத் தாக்கியதாகப் பிடித்தார்கள். வயசு 23. மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். 1967-லேயே ஆள் சரியாகிவிட்டார் என்று டாக்டர்கள் எழுதிக்கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கா அனுப்பினார்கள்? ஜெயிலுக்கு அனுப்பினார்கள். வழக்கு கடைசிவரை நடக்கவே இல்லை. 2005-ல் வெளியே வந்தபோது வயசு 77. ஐம்பத்து நாலு வருஷம்! இரண்டே வருஷத்தில், 2007-ல் இறந்துபோனார்.

பைத்தியம் என்று சொல்லித் தப்பிக்க நினைப்பவர்கள் இந்த மனுஷன் கதையை ஒரு தடவை யோசிக்கட்டும்.

குடியும் மாத்திரையும்

இனி வடைக்காரர் கேள்விக்கு வருவோம்.

குடித்தவனைச் சட்டம் விடுவதில்லை என்பது நிஜம். யாராவது அவனுக்குத் தெரியாமலோ பலவந்தமாகவோ ஊற்றிவிட்டிருந்தால் ஒழிய, போதை ஒரு சாக்கு ஆகாது. ஏனென்றால் கிளாஸைக் கையில் எடுக்கும்போது அவன் தெளிவாக இருந்தான். என்ன குடிக்கிறோம் என்று தெரிந்தே குடித்தான்.

மாத்திரையைத் தள்ளியவன் அப்படித் தெளிவாக இருந்துதான் தள்ளினானா?

ஒரு வீட்டை மனசில் வைத்துப் பார்ப்போம். தளவாய்புரம் நைட்டி என்றால் தெரியாத ஜவுளிக் கடைக்காரர் உண்டா? அந்த நைட்டி தைக்கிற வீடுகளில் ஒன்று என்று வையுங்கள். மூத்தவன் நல்ல தையல்காரன். ஒரு நாள் மிஷினை நிறுத்திவிட்டு, "எதிர் வீட்டுக்காரன் என்னைப் பத்தியே பேசுறான், கேக்கலையா?" என்கிறான். யாருக்கும் கேட்கவில்லை. அவனுக்கு மட்டும் ராத்திரி பகலாகக் கேட்கிறது. பிறகு, சோற்றில் என்னமோ கலக்கிறார்கள் என்கிறான். பெற்ற தாய் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டேன் என்கிறான்.

டாக்டர் மாத்திரை எழுதுகிறார். அவன் பார்வையில் அது என்ன? சோற்றில் கலந்தது போதாது என்று இப்போது கையிலேயே கொடுக்கிற விஷம்!

காலில் புண் வந்தவனுக்குப் புண் இருப்பது தெரியும். சர்க்கரைக்காரன் லட்டைத் தின்றாலும் தனக்குச் சர்க்கரை என்று தெரிந்துதான் தின்கிறான். இந்த வியாதி பிடிக்கிற இடமே வேறு. 'எனக்கு வியாதி' என்று ஒத்துக்கொள்ள வேண்டிய அந்த இடத்தையே அது முதலில் பிடித்துக்கொள்கிறது. வீம்பு என்று நாம் நினைப்பது பல பேருக்கு வீம்பு அல்ல; வியாதியின் ஒரு பாகம். அப்படிப்பட்டவன் மாத்திரையை எறிந்ததை வைத்து அவனைக் குற்றவாளி ஆக்குவது, காய்ச்சல்காரன் உளறினான் என்று அவன்மேல் மானநஷ்ட வழக்குப் போடுவது மாதிரி.

சரி, மாத்திரை சாப்பிட்டுத் தெளிந்து விட்டான் என்று வையுங்கள். ஆறு மாதம் நன்றாக இருக்கிறான். மறுபடி நிறுத்துகிறான். இப்போது?

இதிலும் அவசரப்படக் கூடாது. மாத்திரை சிலருக்குக் கையை நடுங்க வைக்கும். சிலருக்கு உடம்பைப் பெருக்க வைக்கும். தூக்கம் தூக்கமாக வரும். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவனுக்குக் கை நடுங்கினால் தையல் கோணும், உருப்படி திரும்பி வரும், சனிக்கிழமைக் கூலி பாதியாகும். அவன் என்ன செய்வான்? "நல்லாத்தான இருக்கேன்" என்று நிறுத்திவிடுவான். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், வேறு மாத்திரை மாற்றுவார். சொல்வதற்கு டாக்டர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு நாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் கொடுத்து, வரிசையில் நின்று, இரண்டு நிமிஷம் பார்க்கிற டாக்டரிடம் கை நடுக்கத்தைப் பற்றிப் பேச வாய் வருமா?

இன்னொரு ரகமும் இருக்கிறது. நிறுத்தினால் தன் கை ஓங்கும் என்று அனுபவத்தில் கண்டவன். முன்னே மனைவி மண்டையை உடைத்தவன். தெளிந்த பிறகு அதை நினைத்து அழுதவன். எல்லாம் தெரிந்து, புத்தி தெளிவாக இருக்கும்போதே, குடிக்கு இடைஞ்சல் என்று மாத்திரையை விட்டவன். வலிப்பு வரும் என்று தெரிந்தே லாரி ஓட்டுகிறவனுக்கும் இவனுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? இவனுக்காகப் பரிந்து பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மாத்திரை சாப்பிடாததற்கென்று தனித் தண்டனை எந்தச் சட்டத்திலும் கிடையாது. அப்படி ஒன்று வந்தால் முதலில் மாட்டுகிறவன் இவன் அல்ல, விஷம் என்று பயந்து எறிந்த அந்தத் தையல்காரன்தான். அதனால் அந்தச் சட்டம் வேண்டாம் என்பேன்.

மாத்திரையைப் பொடித்துத் தோசை மாவில் கலக்கிற வீடுகளும் இருக்கின்றன. ஆத்தாக்கள் மேல் கோபப்பட முடியவில்லை; வேறு வழி தெரியாமல் செய்கிறார்கள். ஆனால் ஒரு நாள் அவன் கண்டுபிடித்தால்? சோற்றில் கலக்கிறார்கள் என்று அவன் இத்தனை நாள் சொன்னது அன்றைக்கு நிஜமாகிவிடும். அப்புறம் அவனிடம் யார் போய் என்ன பேசுவது? இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு தடவை போட்டால் போதும் என்கிற ஊசி பல வருஷமாக இருக்கிறது. தினம் மாத்திரைச் சண்டை இல்லாமல் போகும். எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாதுதான். ஆனால் அப்படி ஒன்று இருப்பதே எத்தனை வீட்டுக்குத் தெரியும்?

சொன்னார்கள், கேட்டது யார்?

இந்தச் சட்டம் பிறந்த கதையைக் கேளுங்கள். 1843 ஜனவரியில் லண்டனில் மக்நாட்டன் என்ற மரக்கடைசல் தொழிலாளி, பிரதம மந்திரி ராபர்ட் பீலைக் கொல்ல நினைத்து, அவருடைய செகரட்டரி டிரம்மண்டை முதுகில் சுட்டான். ஆளும் கட்சிக்காரர்கள் தன்னை ஊர் ஊராகத் துரத்துகிறார்கள் என்பது அவன் பிரமை. ஜூரிகள் விடுவித்தார்கள். ஊரே கொதித்தது, விக்டோரியா மகாராணிக்கே ஆத்திரம். பிரபுக்கள் சபை நீதிபதிகளைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க, அவர்கள் சொன்ன பதில்தான் நம்ம 84-க்கும் அஸ்திவாரம்.

எல்லாரும் தீர்ப்பைப் பேசுவார்கள். அதற்கு முந்திய கதையைப் பேச மாட்டார்கள். சுடுவதற்கு ரொம்ப நாள் முன்பே அவன் தகப்பனாரிடம் சொல்லியிருக்கிறான். போலீஸ் அதிகாரியிடம் போயிருக்கிறான். ஊர்த் தலைவரிடம், பார்லிமெண்டு மெம்பரிடமும் முறையிட்டிருக்கிறான். "என்னைத் துரத்துறாங்க, காப்பாத்துங்க" என்று. ஏதோ உளறுகிறான் என்று அனுப்பிவிட்டார்கள். அவன் அதற்கப்புறம் 22 வருஷம் அடைபட்டே கிடந்து 1865-ல் செத்தான்.

நம்ம ஊரிலும் இதேதான். சேதி வந்த பிறகு தெருவில் போய் விசாரித்தால், "ரெண்டு மாசமாவே ஆளு சரியில்ல" என்பார்கள். ரெண்டு மாசம்! அந்த ரெண்டு மாசத்தில் என்ன செய்தோம்? கோடாங்கியைக் கூப்பிட்டோம். மந்திரித்துக் கயிறு கட்டினோம். கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகும் என்று ஒரு பெண்ணையும் கொண்டுவந்து அந்த வீட்டில் தள்ளினோம்.

கடைசியில் சங்கிலி.

ஏர்வாடியை மறந்துவிட்டோமா? 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தனியார் நடத்திய மனநோயாளிகள் விடுதியில் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. கால் சங்கிலியோடு கட்டிக் கிடந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் வெந்து செத்தார்கள். அவர்கள் யாரையும் கொன்றவர்கள் அல்ல. வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து விட்டவர்கள். கொலைக் கைதிக்குக்கூட ஜெயிலில் தீப்பிடித்தால் கதவைத் திறந்துவிடுவார்கள். இவர்களுக்குப் பூட்டைத் திறக்க ஆள் இல்லை. சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்தது. அப்படிப்பட்ட விடுதிகளை மூடி, 500 பேருக்கு மேல் சர்க்கார் பொறுப்பில் எடுத்தார்கள். பிற்பாடு அந்தத் தர்காவிலேயே பிரார்த்தனையோடு டாக்டர் வைத்தியமும் சேர்ந்து வந்தது. சாமி கும்பிடுவதை யாரும் குறை சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு ஊசியும் போட்டுக்கொள்ளட்டும் என்பதுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், நம்ம பத்திரிகைகளையும் சேர்த்துத்தான். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யார் மேலும் கை வைப்பதில்லை. அடி வாங்குகிறவர்கள்தான் அவர்களில் அதிகம். தெருவில் கல்லெறி வாங்குகிற பெண்ணைப் பற்றிச் சேதி போட மாட்டோம். நூற்றில் ஒருவன் அரிவாளை எடுத்தால் கொட்டை எழுத்தில் 'வெறிச்செயல்' என்போம். அதைப் படித்துவிட்டு, வீட்டில் நோயாளி இருக்கிறவன் வெளியே சொல்லவே பயந்து கதவைச் சாத்திக்கொள்கிறான்.

சட்டத்தில் வழி இருக்கிறது

"அவன் வர மாட்டேங்கிறான், கட்டியா தூக்கிட்டுப் போறது?" என்று கேட்பீர்கள். கட்டக் கூடாது. சங்கிலி போடுவது எந்த ரூபத்திலும் கூடாது என்று 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் அடித்துச் சொல்கிறது. 2018 மே முதல் அமலில் இருக்கிறது.

அதே சட்டத்தில், அவன் மறுத்தாலும் சேர்ப்பதற்கு வழி வைத்திருக்கிறார்கள். தனக்குத் தானே தீங்கு செய்யப் பார்த்தான், அடுத்தவரை அடித்தான், அல்லது அடிப்பான் என்று பயப்படும்படி நடக்கிறான், அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ளவே முடியாமல் சீரழிகிறான். இதில் ஏதாவது ஒன்று சமீபத்தில் நடந்திருந்தால் வீட்டார் மனுக் கொடுக்கலாம். மனநல டாக்டர் ஒருவரும் இன்னொருவரும் தனித்தனியே பார்த்துச் சரி என்றால் முப்பது நாள் வரை உள்ளே வைத்துப் பார்க்கலாம். இதைச் சரிபார்க்க ஒரு வாரியமும் உண்டு. சொத்துக்காக அண்ணனைப் பைத்தியம் ஆக்குகிற தம்பிமார்களும் இருக்கிறார்களே!

போலீசுக்கும் வேலை வைத்திருக்கிறது சட்டம். மனநோயால் ஆபத்து என்று தெரிந்தால் அந்த ஆளைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியது ஸ்டேஷன் அதிகாரியின் கடமை. லாக்-அப்பில் போடக் கூடாது. ஆனால் ஸ்டேஷனில் போய் நின்றால் என்ன பதில் வரும் என்பது உங்களுக்கே தெரியும். "ஏதாவது பண்ணுனானா? பண்ணட்டும், அப்புறம் வாங்க." பண்ணிய பிறகு வருவதற்கு யார் மிச்சம் இருப்பார்கள்?

எனக்கு ரொம்பப் பிடித்த ஷரத்து ஒன்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஆள் தெளிவாக இருக்கும்போதே ஒரு காகிதத்தில் எழுதி வைக்கலாம்: 'எனக்கு மறுபடி முற்றினால், இன்ன வைத்தியம் செய்யுங்கள், இன்னது வேண்டாம், எனக்காகப் பேச இன்னாரை நியமிக்கிறேன்.' முற்றிய அண்ணனோடு சண்டை போடுவதை விட, தெளிந்த அண்ணனோடு உட்கார்ந்து ஒரு காகிதம் எழுதுவது எவ்வளவோ மேல். அந்தக் காகிதத்தையும் டாக்டர் சீட்டுகளையும் அடுப்பில் போடாமல் ரேஷன் கார்டோடு வையுங்கள்.

டெலி மானஸ் என்று 14416 நம்பரில் இலவசப் போன் உதவியும் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கும் தமிழில் பேசலாம்.

விருதுநகரில் சர்க்கார் மருத்துவக் கல்லூரியே 2022-ல் வந்துவிட்டது. ஆனால் தளவாய்புரத்திலிருந்து மாதா மாதம் அவ்வளவு தூரம் போய்வர ஒரு தையல் தொழிலாளி குடும்பத்தால் ஆகுமா? அவன் வாசல் வரை மாத்திரை போகவில்லை என்றால், மாத்திரையை மறுத்தது அவனா, நாமா?

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரிகளில் மனநல டாக்டர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு இருப்பார், மாத்திரையும் மாத ஊசியும் கையிருப்பில் உண்டா என்று வாசலில் ஒரு போர்டு எழுதி வைக்க வேண்டும். அதையே பஞ்சாயத்து ஆபீசுகளிலும் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு போலீஸ் நிலையத்திலும் ஒருவருக்காவது அந்த 2017 சட்டத்தைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு டின் பெயிண்டும் ஒரு நாள் வகுப்பும்தான் செலவு.

மாவட்ட கலெக்டர் கவனிப்பாரா?